பதினொரு வருட சப் கொன்ராக்ட்: கொன்ராக்டரா, வேலையாளா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். 2014இலிருந்து ஒரு தனியார் கொம்பனிக்காகக் கோப்பாய், சுன்னாகம் பக்கம் ஃபைபர் லைன் இழுத்து வீடுகளுக்குக் கனெக்‌ஷன் கொடுக்கிறீர்கள். முதல் இரண்டு வருடம் கசுவல். 2016இல் "பிரதேச செயலகத்தில் ஒரு வியாபாரப் பதிவு எடுத்துக்கொண்டு வாங்கோ, இனிமேல் நீங்கள் சப் கொன்ராக்ட்" என்றார்கள், எடுத்தீர்கள். அன்றிலிருந்து மாதம் மாதம் பில் போட்டுத்தான் காசு. ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, லீவு இல்லை. இப்போது வருகிற மாதத்திலிருந்து உங்கள் ஏரியா வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் ஃபோனில் சொல்லிவிட்டார். "நான் கையெழுத்து வைத்த கொன்ராக்டர்தானே, எனக்கு ஏதும் கேட்க இடமிருக்கா?" என்கிறீர்கள்.

இடமிருக்கிறது. பேப்பரில் உங்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைச் சட்டம் ஒரு பக்கம் பார்க்கும், ஆனால் அதோடு நிற்காது. இந்தப் பதினொரு வருடமும் வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் தீரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேலையாள் என்ற பக்கம்தான் தராசு சாய்கிறது. ஒரே ஒரு இடத்தில் உங்களுக்குப் பலவீனம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் கொம்பனியின் சட்டத்தரணி முதலில் அங்கேதான் கை வைப்பார்.

முதலில் சட்டம். இலங்கையின் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் வேலையாள் யார் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. மிகவும் அகலமானது. எழுத்தில் இருந்தாலும் வாய்ச்சொல்லாக இருந்தாலும், வெளிப்படையாக இருந்தாலும் நடத்தையிலிருந்து ஊகிக்க வேண்டியதாக இருந்தாலும், ஒரு வேலை தருநரோடு எந்தத் தகைமையிலாவது உடன்பட்டு வேலை செய்பவர் அதற்குள் வருவார். அத்தோடு, ஒரு வேலையை *தானே நேரில் செய்து தருவதாக* ஒப்பந்தம் செய்தவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. இந்தக் கடைசித் துண்டை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சம்பளம், அப்பொயின்ட்மென்ட் லெட்டர் என்று ஒன்றுமில்லாமல், "இந்த வேலையை நீ செய், இவ்வளவு தருகிறேன்" என்று ஆளை நம்பிக் கொடுக்கும் வேலையும் உள்ளே வரலாம் என்பதுதான் அதன் அர்த்தம். அதே சட்டத்தில் 31பி பிரிவின் 4ஆம் உட்பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சேவை ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும் தொழில் நியாய சபை (வேலை நிறுத்தப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்கும் மன்றம்) நிவாரணம் கொடுக்கலாம். ஆகவே "இரு தரப்புக்கும் இடையில் தொழில் தருநர் - ஊழியர் உறவு எதுவும் இல்லை" என்று உங்கள் அக்ரிமென்டில் அழகாக ஒரு வரி போட்டிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த வரி இல்லாத சப் கொன்ராக்ட் பேப்பரை நான் இன்னும் காணவில்லை.

சரி, நியாய சபை எதைப் பார்க்கும்? பழைய அளவுகோல் கட்டுப்பாடு: என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எப்போது வர வேண்டும் என்று சொல்பவர் யார். பிறகு இன்னொன்று வந்தது. இந்த ஆள் அந்த நிறுவனத்தின் அன்றாட ஓட்டத்தில் ஒரு பகுதியா, வெளியிலிருந்து வந்து ஒரு வேலையை முடித்துவிட்டுப் போகிறவரா என்று பார்ப்பது. மூன்றாவது, காசுக் கணக்கு: இலாபமும் நட்டமும் யாருடையது, முதல் போட்டது யார், உபகரணம் யாருடையது, வேறு இடத்தில் வேலை எடுக்கும் சுதந்திரம் இருந்ததா. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரும் தீர்ப்பு எழுதுவதில்லை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் கதையை இதில் வைத்துப் பாருங்கள். காலை ஏழரைக்கு வட்ஸ்அப் குறூப்பில் அன்றைய வேலை வரும், எந்த வீடு முதலில் என்ற ஒழுங்கையும் அவர்களே போடுவார்கள். ஒரு நாள் வர முடியாவிட்டால் முதல் நாளே சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கொம்பனிப் பெயர் போட்ட ரீசேர்ட்டும் கழுத்தில் கார்டும் கட்டாயம், ரீசேர்ட் போடாமல் போனதற்கு ஒருமுறை பில்லில் 500 ரூபா வெட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சுயாதீனமான கொன்ராக்டர் ஒருவருக்கு உடுப்புக்காக யாரும் தண்டம் போடுவதில்லை தம்பி, அந்த வெட்டு விழுந்த பில்லைத் தேடி எடுங்கள். அப்புறம் ஃபைபரை ஒட்டும் அந்த ஸ்ப்ளைசிங் மெசின். ஏணியும் குறடும் மோட்டார் சைக்கிளும் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் இந்த வேலையில் பெறுமதியான சாமான் அந்த மெசின்தான். அதைக் காலையில் ஸ்டோரில் கையெழுத்து வைத்து எடுத்து, பின்னேரம் திருப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கேபிளும் ரவுட்டரும்கூட அப்படித்தான். அந்த ஸ்டோர்ப் புத்தகத்தில் பதினொரு வருடக் கையெழுத்து கிடக்கிறது. அதை மன்றில் சமர்ப்பிக்கும்படி கொம்பனியைக் கேட்கலாம், நீங்கள் தினமும் வேலைக்குப் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பில் விஷயமும் அப்படித்தான். கொம்பனி கிளாக்கே உங்கள் பெயரில் பில் அடித்து வைத்திருப்பார், நீங்கள் மாதக் கடைசியில் போய் முத்திரையைக் குத்திக் கையெழுத்து வைப்பீர்கள், ஒரு கனெக்‌ஷனுக்கு எவ்வளவு என்ற விலையையும் அவர்களே போடுவார்கள். நீங்கள் ஒருநாளும் ஒரு கொட்டேஷன் கொடுத்ததில்லை, பேரம் பேசியதில்லை. வியாபாரம் செய்கிறவன் தன் சரக்குக்குத் தானே விலை சொல்வான். உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. வியாபாரப் பதிவு இருப்பது கொம்பனிக்கு ஒரு வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவை அவர்கள் கேட்டு நீங்கள் எடுத்தீர்கள், எடுத்த நாளுக்கு முதல் நாளும் அடுத்த நாளும் அதே வேலையை அதே மாதிரிச் செய்தீர்கள். 2014, 2015 கசுவல் வவுச்சர் ஒன்றிரண்டு வீட்டில் எங்கேயாவது கிடந்தால், 2016க்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்பதைக் காட்ட அது பெரிய உதவி.

இனிப் பலவீனம். உங்களோடு இரண்டு பொடியன்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நீங்கள். வேலையாள் என்பதன் அடிப்படையே தானே நேரில் செய்வது. "இவர் ஆள் வைத்துச் செய்தார், தான் போகாமல் பொடியனை அனுப்பினார், ஆகவே இவர் ஒரு சிறு முதலாளி" என்று மற்றப் பக்கம் நிற்பார்கள். இதற்கு உண்மையான பதில் என்ன என்பதை நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். பொடியன்களை யார் கொண்டுவந்தது? இரண்டு பேர் இல்லாமல் தூணில் ஏறக்கூடாது என்று கொம்பனியே சொன்னதா? அவர்களுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொம்பனி வாங்கிப் பதிந்து கார்ட் அடித்துக் கொடுத்ததா? நீங்கள் சுகமில்லாமல் கிடந்த நாளில் அவர்களை மட்டும் அனுப்ப விட்டார்களா, அல்லது "நீர் வராவிட்டால் வேலை இல்லை" என்றார்களா? கார்டும் கொம்பனி கொடுத்தது, நீங்கள் இல்லாமல் அவர்களை வேலைக்கு விடவும் இல்லை என்றால் அவர்கள் உங்கள் கீழ் இருந்த கொம்பனி ஆட்கள் என்று வாதாடலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் வேலை தருநர் என்பவர், தன் சார்பில் இன்னொருவர் ஆள் சேர்த்தாலும் வேலை தருநர்தான். மாறாக, நீங்கள் இரண்டு மூன்று குழு வைத்து, சைட்டுக்கே போகாமல் மேற்பார்வை மட்டும் பார்த்து, நடுவில் இலாபம் எடுத்திருந்தால் கதை வேறு. அப்போது அந்தப் பொடியன்களுக்கு ஈ.பி.எஃப் கட்ட வேண்டியவர் நீங்கள் என்று அவர்களே உங்கள்மேல் முறைப்பாடு கொடுக்கலாம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் மனு எழுத முதல் தெரிந்திருக்க வேண்டும். அவர்களோடு இன்றைக்கே இருந்து கதையுங்கள். மூன்று பேருமாக ஒரே பக்கம் நின்றால் அவர்கள்தான் உங்கள் முதல் சாட்சிகள்.

உண்மையிலேயே கொன்ராக்டராக இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். சாவகச்சேரியில் நாலு மேசன், இரண்டு ஓடாவி வைத்துக்கொண்டு, கொங்கிறீற் மிக்சர் சொந்தமாக வைத்து, பெரிய கொன்ராக்டரிடமிருந்து சுவர் வேலையைச் சதுர அடிக் கணக்கில் எடுத்துச் செய்கிறவர் நியாய சபைக்குப் போய் நேரம் கழிக்கத் தேவையில்லை. அவருடைய பிரச்சினை காசு வரவில்லை என்பது, பில்லில் பிடித்து வைத்த ரிட்டென்ஷன் காசை விடவில்லை என்பது. அது ஒப்பந்த வழக்கு. தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபை, பிறகு நீதிமன்றம். அவர் கவனிக்க வேண்டியது காலாவதிதான். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது, ஆனால் பேப்பர் இல்லாமல் செய்த வேலைக்கும் கூலிக்கும் ஒரு வருடம்தான். "அடுத்த பில்லோடு தாறன்" என்று இழுத்து இழுத்து அந்த ஒரு வருடத்தைத் தாண்ட வைப்பது இங்கே நிறைய நடக்கிறது. வாய்ப்பேச்சில் வேலை எடுப்பவர்கள் ஒரு பக்கத்தில் அளவும் விலையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்துக்கொண்டால் போதும்.

ஆள் சப்ளை செய்யும் மேன்பவர் கொம்பனி மூலம் வேலை செய்பவர்களும் கேட்பார்கள், ஒரு வார்த்தை: உங்களுக்கு ஒரு வேலை தருநர் நிச்சயம் இருக்கிறார், அது மேன்பவர்க்காரரா வேலை நடக்கும் இடமா என்பதுதான் சண்டை. மனுவில் இரண்டு பேரையும் எதிராளிகளாகப் போடுங்கள். அரசாங்கத் திணைக்களமே நேரடியாக வேலைக்கு வைத்திருந்தால் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வராது, அது வேறு வழி.

இப்போது காசு. ஈ.பி.எஃப்புக்கு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் பக்கம் 8 வீதம், கொம்பனி பக்கம் 12 வீதம். ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், முழுக்கக் கொம்பனி. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். கசுவல், பயிலுநர், துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவர் எல்லாருக்கும் உண்டு, "ஆறு மாதம் போகட்டும், கன்ஃபர்ம் பண்ணினாப் பிறகு கட்டுவம்" என்பது சட்டத்தில் இல்லாத கதை. உங்கள் பில் இப்போது மாதம் 90,000 போகிறது, பெற்றோலும் பொடியன்களும் போக 60,000 கையில் நிற்கிறது என்கிறீர்கள். எது சம்பளம், எது செலவு என்பதில் வாக்குவாதம் வரும், அதனால் செலவுத் துண்டுகளையும் எறிய வேண்டாம். ஆரம்பத்தில் குறைவாக இருந்திருக்கும் என்பதால் பதினொரு வருடத்துக்கும் சராசரி 40,000 என்று பிடித்தால், கொம்பனி பங்கு (12உம் 3உம் சேர்த்து 15 வீதம்) மட்டும் மாதம் 6,000, வருடம் 72,000, மொத்தம் 7 இலட்சத்து 92 ஆயிரம். பிந்திக் கட்டுவதற்கு மேலதிகமாக விழும் தண்டம் 50 வீதம் வரை போகும், அது கொம்பனியின் தலையில்.

அடுத்தது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்கு. 60,000ஐ மாதச் சம்பளமாக ஏற்றால் 3 இலட்சத்து 30 ஆயிரம்.

வேலையை நிறுத்தியதற்கான இழப்பீடு தனி. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலையிலிருந்து எடுப்பதென்றால், 15 பேருக்குக் குறையாத இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சூப்பர்வைசரின் ஃபோன் கோல் இரண்டிலும் சேராது. அந்தச் சட்டத்தின் சூத்திரம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவதிலிருந்து பதினாலாவது வரை வருடம் இரண்டு மாதம். பதினொரு வருடத்துக்கு 24.5 மாதம், 60,000 என்றால் 14 இலட்சத்து 70 ஆயிரம். உச்சவரம்பு 25 இலட்சம் என்று 2021இல் உயர்த்தினார்கள். இது கிடைத்தே தீரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கிவிட வேண்டாம், நீங்கள் வேலையாள் என்று நிறுவின பிறகுதான் இதெல்லாம். உறவை கொம்பனி மறுக்கும்போது அதை நிறுவும் சுமை உங்களுடையது. தொழில் ஆணையாளரிடம் போகும் இந்த வழியா நியாய சபையா என்று ஒன்றைத் தெரிய வேண்டியிருக்கும், இரண்டிலும் ஒரே நேரம் ஓட முடியாது. உங்களைப் போல வேலையாளா என்பதிலேயே தகராறு உள்ளவர்களுக்கு நான் நியாய சபையைத்தான் சொல்வேன், சாட்சி வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டு அங்கே அதைச் சரியாக அலசலாம், நீதியும் நியாயமும் எது என்று பார்த்துக் கட்டளை போடும் அதிகாரமும் அதற்கு உண்டு.

யூடியூப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் "240 நாள் முடித்தால் பெர்மனென்ட் தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 240 நாள் கணக்கு இந்தியச் சட்டத்தில் வருவது. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் தமிழில் தெளிவாகத்தான் விளக்குகிறார்கள், ஆனால் அவர்களுடைய பி.எஃப் வீதமும் வேறு, 1970இல் ஒப்பந்தத் தொழிலாளருக்கென்றே அவர்கள் போட்ட சட்டம் மாதிரி ஒன்று இங்கே கிடையாது. ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் மச்சான் சொன்னதும் பொய்யில்லை. ஒரே கொம்பனியை நம்பிப் பிழைக்கும் கொன்ராக்டரை ஒன்ராறியோ நீதிமன்றங்கள் இடைநடுவான ஒரு வகையாக ஏற்று, நிறுத்துவதற்கு முன் நியாயமான முன்னறிவித்தல் கொடுக்கச் சொல்கின்றன. லண்டனிலும் ஊழியருக்கும் சுயதொழிலுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, 2021இல் ஊபர் சாரதிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வென்றது அதில்தான். இங்கே அந்த நடுப்படி இல்லை. வேலையாள் அல்லது வேலையாள் இல்லை, அவ்வளவுதான்.

இனி நாள் கணக்கு. நியாய சபைக்கான மனு வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நிறையப் பேர் தோற்பது இங்கே. மனேஜர் "கொஞ்சம் பொறும், காரைநகர்ப் பக்கம் ஏதும் வந்தால் கூப்பிடுறன்" என்பார், வாரத்துக்கு ஒரு வேலை தருவார், பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு ஃபோன் எடுக்கமாட்டார், எந்த நாளில் நின்றது என்பதே தெரியாமல் போய்விடும். அதற்கு இடம் கொடுக்காமல் இப்போதே எழுத்தில் கேளுங்கள்: இத்தனையாம் திகதி ஃபோனில் இப்படிச் சொன்னீர்கள், நான் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதிவுத் தபாலில் போட்டு, தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். கோபமாக ஒரு வரியும் வேண்டாம், அந்தக் கடிதம் பிறகு சான்றாக வரும். ஈ.பி.எஃப் முறைப்பாட்டுக்கு இந்த ஆறு மாதக் கணக்கு இல்லை, அதை யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்கள அலுவலகத்தில் தனியாகக் கொடுக்கலாம். அங்கே விசாரணைக்குக் கொம்பனியைக் கூப்பிடுவார்கள், அவர்கள் என்ன சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள் என்பதும் உங்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். ஆனால் அந்த விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து நியாய சபை நாளைத் தவறவிடாதீர்கள், ஒன்று மற்றதற்காக நிற்காது.

நியாய சபையில் நீங்களே நேரில் மனுப் போடலாம், தொழிற்சங்கம் உங்களுக்காகப் போடலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை. உங்கள் விஷயத்தில் ஆள் வைப்பதுதான் புத்தி. தவணைகள் இழுபடும், ஒரு வருடத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வென்றாலும் கொம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம். அதனால் இடையில் வேறு வேலை எடுங்கள். சும்மா இருந்து கடன்படுவதால் வழக்கு பலப்படாது.

கடைசியாகக் கேட்டீர்களே, நிலுவை இரண்டு மாத பில்லைத் தர ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று. படம் அனுப்பியது நல்லது. "கணக்குகள் அனைத்தும் முழுமையாகத் தீர்க்கப்பட்டன, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்று மூன்றாம் பந்தியில் இருக்கிறது. அதில் கையெழுத்து வைக்காதீர்கள். செய்த வேலைக்கான பில் உங்களுக்கு வர வேண்டிய காசு, அதை வாங்க உரிமையை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. கட்டாயம் காசு வேண்டும், வேறு வழியில்லை என்றால், இன்ன மாதம், இன்ன பில், இன்ன தொகை மட்டும் பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்துக் கொடுங்கள். அதை ஏற்க மாட்டோம் என்றால் அந்த மறுப்பையும் வட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். கார்ட், ரீசேர்ட் எல்லாம் திருப்பிக் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்க முதல் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், வட்ஸ்அப் குறூப்பிலிருந்து உங்களை எடுக்க முதல் அந்த சட் முழுவதையும் ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். அதை இன்று இரவே செய்யுங்கள்.